எறும்பு குடிக்கிற கரண்ட்

பிப்ரவரி 24, செவ்வாய்

என் முட்டைக் கிடங்கிலிருந்து பேக்கரிக்குப் போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. சைக்கிளில் முட்டைக்கூடை கட்டி மிதித்த காலத்திலிருந்து என் முழங்காலுக்கே தெரிந்த கணக்கு இது. நேற்று வண்டி மீட்டரைப் பார்த்தேன். இருபத்து நான்கு காட்டியது. இன்றும் இருபத்து நான்கு. அந்த ஆறு கிலோமீட்டரில் என் வண்டி யாருக்கு உழைக்கிறது?

டிரைவர் அண்ணன் என்னிடம் எட்டு வருஷமாக இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாட்டு வண்டிக்கே வழி விட்டு ஓட்டுகிற மனுஷன், சந்தையில் 'ஆமை' என்றால்தான் தெரியும். ஆமை ஏன் சுற்றிப் போகிறது? வழியில் வேறு யாருக்காவது சாமான் ஏற்றி இறக்குகிறாரோ?

அவரிடம் கேட்கலாமே என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தர், கேட்ட கேள்விக்குப் பதில் வரும் உலகத்தில் வாழ்கிறவர். கேட்டால் பொய் வரும், பார்த்தால்தான் உண்மை வரும். இருபது வருஷ வியாபாரத்தில் நான் கற்றது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 26, வியாழன்

டிரைவர் அண்ணன் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் வேலை முடிந்தது. காருக்குப் பாட்டு செட் மாட்டுகிறவனை வரவழைத்தேன். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று போனில் காட்டுகிற பெட்டி, சோப்புக் கட்டி அளவு இருக்கிறது. புதுசின் விலையைக் கேட்டு மூச்சு நின்றது. வேறொரு வண்டியில் கழற்றிய பழசு இருக்கிறது என்றான். பழசே போதும் என்றேன்.

"பேட்டரி இறங்கிடாதே?"

"அக்கா, எறும்பு தண்ணி குடிக்கிற அளவுக்குத்தான் இது கரண்ட் குடிக்கும். சீட்டுக்கு அடியில ஒளிச்சு மாட்டிடறேன், ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்: "அவர்கிட்ட சொல்லிட்டே மாட்டியிருக்கலாம்."

"சொல்லிட்டா திருடனப் பிடிப்பாங்க?"

"அவரு திருடன்னு யாரு சொன்னா?"

இன்னொரு கரண்டி சோறு போட்டு வாயை அடைத்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

கிடங்குக்கு விடுமுறை. உட்கார்ந்து போனைப் பார்த்தேன். இரண்டு நாளும் கால்வாய்ச் சாலையைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார். நேர்வழி கண்ணுக்கு முன்னால் கிடக்க, எதற்கு அந்தச் சுற்று? வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்றும் காட்டுகிறது. நிற்காமலே இறக்கிவிடுகிற வித்தை ஏதாவது இருக்கிறதோ என்னவோ. பார்ப்போம்.

மார்ச் 2, திங்கள்

வண்டி கிளம்பவில்லை!

நூற்றெண்பது அட்டை முட்டை ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினால் அதுவும் இல்லை. முன்விளக்கு தூங்கப்போகிற குழந்தையின் கண் மாதிரி மங்கிக்கொண்டே போனது.

"பேட்டரி இறங்கிடுச்சும்மா" என்றார் டிரைவர் அண்ணன். பெரிய கண்டுபிடிப்பு!

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரை எழுப்ப வேண்டியதாயிற்று. அவரிடம்தான் இரண்டு வண்டியின் பேட்டரியையும் இணைக்கிற தடிமனான ஒயர் இருக்கிறது. வந்தார். காரைக் கொண்டு வந்து மூக்கோடு மூக்கு நிறுத்தினார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாட்டுகிற வரைக்கும் ஒரே உபதேசம். "வண்டிய பிள்ளை மாதிரி பாத்துக்கணும்மா. நான் வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரி டெர்மினல துடைப்பேன்." என் முட்டை பின்னால் குஞ்சு பொரித்துவிடும்போல இருந்தது. இவரோ துடைக்கிற துணி ஏன் பருத்தியாக இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

ஆறு மணிக்குப் போக வேண்டிய சரக்கு ஆறு ஐம்பதுக்குப் போனது. பேக்கரிக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, மாவு உங்களுக்காகக் காத்திருக்காது. மாசத்துல மூணு தடவ லேட்டானா நாலாவது தடவ நீங்க வர வேண்டியதில்ல."

என் வியாபாரத்தில் பாதி அந்த ஒரு வாசலில்தான் இறங்குகிறது. அது போனால் மிச்சம் இருப்பது மறுபடியும் சைக்கிள்தான்.

மார்ச் 3, செவ்வாய்

புது பேட்டரி வாங்கினேன். கடைக்காரர் பழசைத் தட்டிப் பார்த்து, "வயசாயிடுச்சு மேடம்" என்றார், ஏதோ என் மாமியாரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இரண்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. மூன்று வருஷம் உழைக்கும் என்று இதே வாய்தான் அன்றைக்குச் சொன்னது. கேட்டால் "ரோட்டப் பொறுத்து மேடம், வெயிலப் பொறுத்து மேடம்." விற்கிற வரைக்கும் எதையும் பொறுத்ததில்லை. விற்ற பிறகு எல்லாவற்றையும் பொறுத்தது!

போகட்டும். இனி தொல்லை இல்லை.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும்!!

புது பேட்டரி வந்து ஆறே நாள்தான். ஞாயிறு முழுக்க சும்மா நின்ற வண்டி, திங்கள் காலையில் 'டிக்'. பாத்திரக் கடைக்காரர் குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய உபதேசத்துக்கு ஏங்கினேன்.

அவசர உதவி என்று வண்டிக் காப்பீட்டு அட்டையில் ஒரு நம்பர் போட்டிருக்கிறதே, அதற்கு அடித்தேன். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். நான்கை அழுத்து என்றது, அழுத்தினேன். பிறகு ஒரு பெண்குரல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டது. "என் கிடங்கு வாசல்ல இருக்கேம்மா, பாதுகாப்பாதான் நாசமாப் போய்க்கிட்டிருக்கேன்" என்றேன். இரண்டு மணி நேரத்தில் ஆள் வருவாராம். வந்து என்ன செய்வார், அவித்த முட்டை உரிப்பாரா?

கடைசியில் தள்ளினோம். மூட்டை தூக்குகிற அண்ணன்மார் இரண்டு பேர், நான், எதிர்வீட்டுத் தையல்காரர். டிரைவர் அண்ணன் உள்ளே உட்கார்ந்து, "செகண்ட் கியர் போட்டிருக்கேன், கிளட்ச் விடும்போது குலுங்கும், பின்னால அட்டையப் பிடிச்சுக்கங்க!" என்று கத்தினார். தையல்காரர், "கோழியே முட்டையத் தள்ளிவிட்டுட்டுப் போயிடுது, நாம ஏன்யா வண்டியோட சேத்துத் தள்ளணும்?" என்று இளித்தார். எனக்கு இருந்த கோபத்தில் அவர் ஊசியைப் பிடுங்கி அவர் வாயையே தைத்திருப்பேன். மூன்றாவது தள்ளலில் வண்டி இருமி, உதறி, உயிர் வந்தது.

நாற்பது நிமிஷம் லேட். இரண்டாவது தடவை.

மத்தியானம் பேட்டரிக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேட்டரில ஒரு குறையும் இல்ல மேடம். சார்ஜ்தான் இல்ல. யாரோ லைட்டையோ ரேடியோவையோ ஆஃப் பண்ணாம விட்டிருக்காங்க. உங்க டிரைவரைக் கேளுங்க." ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. வண்டிக்குள் கடைசியாக உட்கார்ந்து எழுந்திருக்கிறவர் யார்? சாவி யார் சட்டைப்பையில் தூங்குகிறது?

சாயங்காலம் டிரைவர் அண்ணன் கிளம்பும்போது கையை நீட்டினேன். "சாவிய இங்க குடுத்துட்டுப் போங்கண்ணே."

எட்டு வருஷத்தில் கேட்டதில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தார். கொடுத்துவிட்டுப் போனார். சாவியைச் சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டினேன்.

மார்ச் 11, புதன்

மெக்கானிக் கிடங்குக்கே வந்தார். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது. பெல்ட்டும் நன்றாக இருக்கிறது. தலையைச் சொறிந்தார்.

"வண்டியில புதுசா ஏதாவது மாட்டியிருக்கீங்களாம்மா? ஹாரன், லைட், பாட்டு செட், அந்த மாதிரி?"

டிரைவர் அண்ணன் அங்கேயே சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். ஆனால் அந்தப் பெட்டி எறும்பு குடிக்கிற அளவுக்குத்தானே குடிக்கும்? எறும்பு குடித்தா ஏரி வற்றும்? அதைப் பற்றி வாய் திறந்தால் ஆறு கிலோமீட்டர் மர்மம் கைநழுவிவிடும். சொல்லாததில் தப்பில்லை.

மார்ச் 14, சனி

இன்றைக்கு வாய் நீண்டுவிட்டது. எழுதித்தான் ஆற வேண்டும்.

நாளை மறுநாள் திங்கள். மறுபடி 'டிக்' என்றால் மூன்றாவது லேட். அந்தப் பயத்தில் காலையிலிருந்தே எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிக்குள் ரேடியோ கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்திருந்தார். பார்த்ததும் பற்றிக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"இப்படி ரேடியோவப் போட்டுத் தூங்கினா பேட்டரி எப்படிண்ணே நிக்கும்? உங்க பாட்டுக்கு என் வியாபாரத்த அடகு வைக்கணுமா?"

எழுந்து உட்கார்ந்தார். ரேடியோவை நிறுத்தினார்.

"இது என் ரேடியோம்மா. செல் போட்டது. வண்டியோட ரேடியோ கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு. நீங்கதான் ரிப்பேர் வேண்டாம்னீங்க."

ஒரு மூட்டைக்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை, எனக்குத் தெரியும். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா?

"அப்போ லைட்டா இருக்கும்! வண்டி தானாவா சாகுது? ராசியில்லாத கை பட்டா புது பேட்டரியும் சாகத்தான் செய்யும்!"

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் ஆணியில் இருந்த சாவியைப் பார்த்தார். "நாளைக்கு ஒரு நாள் சாவிய என்கிட்ட குடுங்க. என்னன்னு நானே பாத்துட்டு வரேன்."

மார்ச் 15, ஞாயிறு

விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போனில் தெரிகிறது. காலை ஒன்பதிலிருந்து மெக்கானிக் பட்டறையில் நிற்கிறது. பதினொன்றே காலுக்கு அந்தப் புள்ளி மறைந்துபோனது. சிக்னல் இல்லைபோல.

மார்ச் 16, திங்கள்

சிக்னல் இல்லாமல் இல்லை.

காலையில் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே சரக்கு பேக்கரியில் இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தேன். திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்தார், நேராக என் மேஜைக்கு வந்தார். பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை வைத்தார். பக்கத்தில் சாவியை வைத்தார்.

"உங்க பொருள். பத்திரமா வைங்க, மேடம்."

எட்டு வருஷமாக 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஏம்மா இந்த அட்டைய இப்படியா அடுக்குவாங்க, ஏம்மா சாப்பிட்டீங்களா. இன்றைக்கு மேடம்.

நான் எழுந்திருப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

பட்டறைக்கு ஓடினேன். மெக்கானிக்குக்கு என்மேல் கோபம், மறைக்கவும் இல்லை. "ஏம்மா, டாக்டர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்மா" என்று ஆரம்பித்தார். வண்டியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றி, இடையில் ஒரு சின்ன பல்பை வைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஓடவில்லை என்றால் பல்பு எரியக் கூடாது. எரிந்திருக்கிறது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கியும் எரிந்திருக்கிறது. அப்படியென்றால் ஃப்யூஸுக்கே வராமல் பேட்டரியிலிருந்து நேராக யாரோ குடிக்கிறார்கள். ஒயர் போன வழியே போனால், சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி. எறும்பு அளவுக்குத்தான் குடிக்கும் என்றானே என்றேன்.

"அதுக்குள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்கு. அது எப்பவோ செத்துப்போச்சு. பழைய பெட்டி பாருங்க. செத்ததுக்கு இது ராத்திரி பகலா சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கு. ஓடுற நாள்ல தெரியாது. ஒரு நாள் நின்னா முடிஞ்சுது. எறும்பு இல்லம்மா இது, ஆனை."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"பெட்டி எதுக்குன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் ஒண்ணும் கேக்கல. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்காமப் போயிட்டாரு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதிலும் பழசாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பாட்டு செட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். "வாரண்டி இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா" என்கிறான். திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்தும் கோபம் அப்படியே இருக்கிறது. ஆள் மாறி என்மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

வண்டி இப்போது தொட்டவுடன் கிளம்புகிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை. இன்றைய சரக்கை ஒரு வாடகை வண்டியில் ஏற்றி நேரத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 18, புதன்

தினக்கூலிக்கு ஒரு டிரைவரைப் பிடித்தேன். பேச்செல்லாம் விமானம் ஓட்டியவர் மாதிரி. "பதினெட்டே கிலோமீட்டர், நேர்வழி. அஞ்சே முக்காலுக்கே அங்க நிப்பேன்" என்றார். நின்றார். மீட்டரில் பதினெட்டு. அதைப் பார்த்து எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

எட்டு மணிக்குப் பேக்கரிக்காரர் போன் செய்தார். பதினான்கு அட்டை உடைசல்.

மார்ச் 19, வியாழன்

இன்று பதினேழு அட்டை. வண்டியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, சுற்றிப் போகிற பஸ்ஸில் நேரில் போனேன். கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன்: "லேட்டாகலையேங்க. முன்னாடியே வந்துட்டோமே."

பேக்கரிக்காரர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அட்டைக்கு அட்டை மஞ்சள் ஒழுகிக் காய்ந்து கிடந்தது.

"லேட்டானாக்கூட இன்னொரு தடவ பொறுத்திருப்பேங்க. சும்மா மிரட்டினேன். ஊர்ல முட்டை விக்கிறவங்க அஞ்சு பேரு. உங்ககிட்ட ஏன் வாங்கறேன்? உங்க சரக்கு உடையாம வரும். அந்த ஆமை எங்க?"

நான் என்னவோ என் விலைக்காகவும் என் வாய்க்காகவும்தான் வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது தினக்கூலி டிரைவரோடு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். சந்தை தாண்டினதும் எலும்பெல்லாம் கழன்றது. குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை அள்ளிப் போட்டு மூடாமல் விட்ட சாலை. இரண்டு கிலோமீட்டருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

"எப்பத் தோண்டினாங்க இதை?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் போனில் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்? போனில் சாலை நேர்கோடாக, வழவழவென்று இருந்தது.

மார்ச் 21, சனி

டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். முட்டை கொண்டு போக எனக்கு முகமில்லை. அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்க" என்றார். எப்போதும் சொல்கிற 'வா தங்கச்சி' இல்லை.

அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பள்ளிக்கூட வண்டி ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்களாம், திங்களிலிருந்து போகிறாராம்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "நான் பண்ணினது தப்புண்ணே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாபாரியின் நாக்கு, பேரம் பேசாமல் இருக்குமா? "ஆனா நீங்களும் ரோடு தோண்டியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

கையிலிருந்த பழப்பையைக் கீழே வைத்தேன்.

"ராசியில்லாத கைன்னு சொன்னீங்க. அதுதான் தாங்கல. பெட்டிகூட பரவால்ல" என்றார். "நீங்க கூடை கட்டிக்கிட்டு சந்தைக்கு வந்தப்ப, என் வாடகை வண்டியில ஓரமா ரெண்டு அட்டை ஏத்திக் குடுத்தது இந்தக் கைதான்."

அழுதேனா? கொஞ்சம். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பாவம், போதும் விடுங்க. பழம் வேற நல்ல பழமா வாங்கியிருக்கு" என்றார்.

அண்ணன் சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "திங்கள் ஒரு நாள் வரேன். நீங்க முன்சீட்டுல உக்காரணும், மேடம். மடியில ஒரு அட்டை முட்டை வச்சுக்கணும். அதுக்கப்புறம் சொல்றேன் இருக்கேனா இல்லையான்னு."

மார்ச் 23, திங்கள்

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் ஓட்ட, முப்பது முட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் நான் ஏறினேன். முதலில் நேர்வழியில், தோண்டின இடம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். "பாத்துக்கங்க" என்றார். பிறகு பின்னால் எடுத்துத் திருப்பிக் கால்வாய்ச் சாலையில் விட்டார்.

வேகத்தடைக்கு நூறடி முன்னாலேயே கால் எடுத்துவிடுகிறார். ஒரு பள்ளம் வந்தால் வலது சக்கரத்தை மட்டும் இறக்கி, இடதை மேட்டிலேயே வைக்கிறார். நாய் குறுக்கே வந்தபோதுகூட வண்டி அதிரவில்லை. ஒரு திருப்பத்தில் இடது கையை மட்டும் பின்பக்கம் நீட்டிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார், அட்டை அசைகிறதா என்று.

பேக்கரி வாசலில் என் மடி அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

பேக்கரிக்காரர் வெளியே வந்து, "என்னங்க, இன்னிக்கு முதலாளியம்மாவே முட்டை அடைகாத்துக்கிட்டு வந்திருக்காங்க?" என்றார். டிரைவர் அண்ணன் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இறங்கும்போது, "நாளைக்கு?" என்றேன்.

"அஞ்சு மணிக்கு வரேன், மேடம்."

கையில் சாவி இருந்தது. நான் வாங்கவில்லை. ஆணியைப் பிடுங்கலாம் என்று பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது. நான் அடித்த ஆணி அல்லவா?

மார்ச் 30, திங்கள்

ஞாயிறு முழுக்க நின்ற வண்டி. சாவியைத் திருப்பிய சத்தமும் கிளம்பிய சத்தமும் ஒன்றாகக் கேட்டது. உடைசல் ஒன்றும் இல்லை. இன்னும் மேடம்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஆறே கால். வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன், கிடங்குக்குப் போகவில்லை. பேக்கரியிலிருந்து டிரைவர் அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா, அந்தக் குழாய் ரோட்ட மூடித் தார் போட்டுட்டாங்க. நடந்து போய்ப் பாத்தேன், நல்லாதான் இருக்கு. நாளையிலருந்து நேர்வழியிலயே வரேன். பெட்டி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு."

"சரிண்ணே" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். போனை வைத்துவிட்டு ஆறின காபியைக் குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் உறைத்தது, அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று.